நட்சத்திரக் குறியைத் தாண்டிப் படிக்க வேண்டிய இரத்தப் பரிசோதனைத் தாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு அளவுகளை எப்படிப் புரிந்துகொள்வது என்று அவ்வப்போது விளக்கங்கள் வருகின்றன. பலருக்கும் அவை பயன்படுகின்றன. ஆனால் அரிய தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள் தங்கள் பரிசோதனைத் தாளை அதே முறையில் படித்தால், தேவையில்லாமல் பயப்படவும் நேரும், பயப்பட வேண்டிய இடத்தில் நிம்மதியாக இருந்துவிடவும் நேரும். முந்தைய முடிவுகளையும் அலகு, முறை, நேரம் ஆகியவற்றையும் தெளிவாக அச்சிட்டுத் தந்தால் இதைத் தவிர்க்கலாம்; ஆய்வகங்களும் சுகாதாரத் துறையும் அதிகச் செலவில்லாமல் செய்யக்கூடியது என்பதால் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு ஜி.பி.ஏ. எனப்படும் நோய் இருக்கிறது. முன்பு வெக்னர் நோய் என்பார்கள். உடலின் எதிர்ப்பு ஆற்றலே சிறு இரத்தக் குழாய்களைத் தாக்கி, மூக்கு, நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றைக் கெடுக்கும். நுரையீரலில் குழி விழுந்து சளியில் இரத்தம் வருவதால் நம் நாட்டில் இதைக் காசநோய் என்று கருதி முதலில் அதற்கு மருந்து கொடுப்பது உண்டு. எங்களுக்கும் அப்படித்தான் ஆயிற்று. நோய் இன்னதென்று உறுதியானது திருவனந்தபுரத்தில். செங்கோட்டைக்காரர்களுக்கு ஆரியங்காவு, புனலூர் வழியாக அங்கே போய்வருவதே வசதி என்பதால் சிகிச்சை மலைக்கு அந்தப் பக்கம் நடக்கிறது. இடைப்பட்ட காலத்துப் பரிசோதனைகளை இங்கேயோ தென்காசியிலோ எடுக்கிறோம். இங்கே செய்ய முடியாதவற்றுக்கு மாதிரி சென்னைக்கோ பெங்களூருக்கோ போகிறது. இப்படி ஒரே நோயாளியின் கோப்பில் பல ஊர் ஆய்வகங்களின் தாள்கள் சேர்ந்துவிடுகின்றன.

தாளில் இயல்பு வரம்புக்கு வெளியே போன எண் தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியோடோ அச்சாகிறது. அந்த வரம்பு, நலமாக உள்ளவர்களில் 100-க்கு 95 பேரின் அளவுகள் அடங்கும்படி வகுக்கப்படுவது. ஆகவே ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை நல்ல உடல்நலம் உள்ள ஒருவருக்குச் செய்தாலும், ஒன்றாவது வரம்பு மீறியிருக்க 60 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு உண்டு. நோயாளிக்கோ இதனுடன் மருந்தின் விளைவும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டீராய்டு மாத்திரை வெள்ளணுக்களின் எண்ணிக்கையைக் கூட்டும். எதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்துகளான அசத்தியோப்ரினும் சைக்ளோபாஸ்பமைடும் குறைக்கும். இரத்தசோகை இருந்தாலே அழற்சியை அறியப் பார்க்கும் ஈ.எஸ்.ஆர். அளவு ஏறும், வயது கூடினாலும் ஏறும். இவற்றில் எதனால் குறி விழுந்தது என்பதைத் தாள் சொல்வதில்லை.

நான் அதிகம் அஞ்சுவது குறி விழாத எண்ணைக் கண்டுதான். நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருவரின் இரத்தத்தில், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.6 ஆக இருந்து, சில வாரங்களில் 1.0 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு எண்களும் வரம்புக்குள்ளேயே இருப்பதால் எந்தத் தாளிலும் குறி இருக்காது. படிப்பவர்களும் ‘எல்லாம் நார்மல்’ என்று மடித்து வைத்துவிடுவார்கள். ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனை மதிப்பிடும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கில் இது நூறுக்கு மேலிருந்து எழுபதுக்கு அருகே இறங்கியதாகும். வடிகட்டும் திறனில் பாதிவரை போன பிறகுதான் பலருக்குக் கிரியாட்டினின் வரம்பைத் தாண்டுகிறது என்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. சிறுநீரகத்தை விரைவாகத் தாக்கக்கூடிய நோயில், குறி விழும்வரை காத்திருப்பது ஆபத்தானது.

இதைவிட முன்னதாக எச்சரிப்பது சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை. சிறுநீரில் புரதமும், உருக்குலைந்த சிவப்பணுக்களும், அந்த அணுக்கள் ஒட்டி உருளையாகத் திரண்ட படிவுகளும் தெரிந்தால் சிறுநீரகத்தில் அழற்சி தொடங்கியிருக்கலாம் என்று பொருள். ஆனால் அவற்றைக் காண, சிறுநீரை எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் யாராவது நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். காலையில் கொடுத்த குப்பி மற்ற மாதிரிகளோடு மேசையில் காத்திருந்து, வண்டியில் ஏறி, மதியத்துக்குப் பிறகு வேறு ஊரில் திறக்கப்பட்டால், அதற்குள் அணுக்கள் உடைந்துபோயிருக்கும். ‘சிவப்பணு இல்லை’ என்று வரும் முடிவை நம்பி யாரும் நிம்மதி கொள்ள முடியாது. எங்கள் பகுதியில் இப்படி நடப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். விலையுயர்ந்த பரிசோதனைகளுக்கு அலைகிற குடும்பங்கள், குறைந்த செலவில் முடிகிற இந்தப் பரிசோதனையை உள்ளூரிலேயே உடனே பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்தது ஆன்கா. இந்த நோயைக் கண்டுபிடிக்க உதவும் எதிர்ப்பொருள் அது. ஓர் ஆய்வகம் ஒளிரும் சாயம் கொண்ட ஃப்ளோரசன்ஸ் முறையில் பார்த்து, எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிறது என்ற நீர்ப்பு விகிதமாகவும், இன்னொன்று எலைசா முறையில் பி.ஆர்.3, எம்.பி.ஓ. என்று இரு வகையாகப் பிரித்து யூனிட் கணக்கிலும் தருகின்றன. எலைசாவிலும் ஒரு நிறுவனத்தின் கிட் தரும் எண்ணை வேறொரு நிறுவனத்தின் கிட் தரும் எண்ணோடு ஒப்பிட முடியாது. காசநோய், இதய உட்சவ்வு அழற்சி போன்ற தொற்றுகளிலும் இது பாசிட்டிவ் ஆகலாம். நோய் அடங்கியிருக்கும் காலத்திலும் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் பாசிட்டிவாகவே இருக்கும். ஆன்கா ஏறியது என்பதை மட்டும் வைத்து மருந்தை மாற்றக் கூடாது, நோயாளியின் நிலையை நேரில் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்று 2022-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பின் பரிந்துரைகள் சொல்கின்றன. இந்தச் செய்தி நோயாளிகளின் வீடுவரை வந்து சேரவில்லை. எண் கூடியதைப் பார்த்துச் சோறு இறங்காமல் கிடக்கும் குடும்பங்களையும், எண் குறைந்ததைப் பார்த்துத் தாமாகவே மாத்திரையை நிறுத்துபவர்களையும் நான் அறிவேன். இரண்டாவது பழக்கம் உயிருக்கே உலை வைக்கும்.

அலகு பற்றியும் சொல்ல வேண்டும். அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவைச் சில ஆய்வகங்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும், சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் அச்சிடுகின்றன. ஒரு தாளில் 12, அடுத்த தாளில் 1.2 என்றிருந்தால் அளவில் ஒரு மாற்றமும் இல்லை. பார்ப்பவர்களுக்கோ அழற்சி பத்தில் ஒரு பங்காகிவிட்டது போலத் தோன்றும். அலகோ பொடி எழுத்தில் ஓரத்தில் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில்.

என் மனைவி ஒரு நீளமான கணக்கு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வருகிறார். ஒவ்வொரு வரியிலும் தேதி, ஆய்வகம், எண், அலகு, அன்று சாப்பிட்ட ஸ்டீராய்டின் அளவு, கடைசியாக ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்றிய மாதம், காய்ச்சல் இருந்ததா, மூக்கில் பொருக்கு உண்டா என்பவை இருக்கும். மலையாளத்தில் பேசும் மருத்துவருக்கும் தமிழில் பேசும் எங்களுக்கும் இடையே அந்த நோட்டுதான் பொது மொழி. தடித்த கோப்பைப் புரட்டுவதற்கு முன் மருத்துவர் அதைத்தான் கேட்டு வாங்குகிறார். எண் எந்தப் பக்கம் நகர்கிறது, எந்த வேகத்தில் நகர்கிறது, அந்நேரம் உடம்பு என்ன சொல்கிறது என்ற மூன்றும் ஒரே பக்கத்தில் கண்ணில் படுகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒருவர் வீட்டில் இருப்பதால் எங்களுக்கு இது வாய்த்தது. எல்லா வீட்டிலும் அப்படி ஒருவரை எதிர்பார்க்க முடியாது.

கணினி வைத்திருக்கும் எந்த ஆய்வகத்துக்கும், அதே நோயாளியின் முந்தைய சில முடிவுகளைத் தேதியோடு பக்கத்துப் பக்கமாக அச்சிடுவது கடினமான வேலையன்று. சில பெரிய ஆய்வகங்கள் இப்போதே அப்படித் தருகின்றன. ஒவ்வொரு முடிவுக்கும் அலகு, பரிசோதனை முறை, மாதிரி எடுத்த நேரம், பார்த்த நேரம் ஆகியவற்றைத் தெளிவான எழுத்தில் தமிழிலும் தர வேண்டும். முறையோ கிட்டோ மாறினால் ‘பழைய எண்ணோடு ஒப்பிட வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டுச் சட்டமும் கேரளத்தில் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. இரு மாநிலச் சுகாதாரத் துறைகளும் பேசி, எல்லையோர மாவட்டங்களிலாவது ஒரே வடிவத்தில் தாள் கிடைக்கச் செய்தால், மலையைக் கடந்து சிகிச்சைக்குப் போகும் நோயாளிகளுக்குப் பேருதவியாக இருக்கும். அதுவரை, வாதநோய் நிபுணர் ஒருவரையும் ஆய்வக மருத்துவர் ஒருவரையும் கொண்டு, இத்தகைய தாளைப் படிக்கும் முறையைத் தங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் தொடராக எழுதச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செங்கோட்டை, தென்காசி மாவட்டம்.