விக்ரமாதித்யா பிறந்தது ரஷ்யாவில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நமது கடற்படை பற்றிய சிறப்பிதழில் விமானந்தாங்கிக் கப்பலான ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா, ராஜ்புத் வகைப் போர்க்கப்பல்கள் ஆகியவற்றின் படங்களுக்குக் கீழே ‘ரஷ்யாவில் கட்டப்பட்டது’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ரஷ்யாவில் கட்டப்பட்டவை அல்ல. உக்ரைனின் தெற்கே, தெற்கு பூக் ஆறும் இங்குல் ஆறும் கூடும் இடத்திலுள்ள மிக்கோலாயிவ் நகரில் கட்டப்பட்டவை. சோவியத் ஒன்றியம் இருந்த காலத்தில் எல்லாம் ஒரே கொடியின் கீழ் இருந்ததால் இந்தக் குழப்பம். ஆனால் உதிரிபாகத்துக்கு யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது இன்று இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

மிக்கோலாயிவில் இரண்டு பெரிய கப்பல் கட்டும் தளங்கள் இருந்தன. மூத்தது இங்குல் கரையில் 1788-ல் ரஷ்யத் தளபதி பொத்தெம்கின் தொடங்கியது. சோவியத் காலத்தில் ‘61 கம்யூனார்டுகள்’ தளம் என்று பெயர் பெற்றது. புகழ்பெற்ற கலகம் நடந்த பொத்தெம்கின் போர்க்கப்பல் 1900-ல் நீரில் இறங்கியது இங்கேதான். மற்றது பெல்ஜிய முதலாளிகள் 1895-ல் பூக் ஆற்றங்கரையில் நிறுவியது. பின்னாளில் அதுவே கருங்கடல் கப்பல் கட்டும் தளம். கடலில் கண்ணிவெடி விதைக்கும் உலகின் முதல் நீர்மூழ்கியான ‘க்ராப்’ இங்கு உருவாகி 1912-ல் நீரில் இறக்கப்பட்டது. 1941 ஆகஸ்ட் முதல் 1944 மார்ச் வரை நகரம் ஜெர்மானியர் கையில் இருந்தது. போருக்குப் பின் எல்லாவற்றையும் மறுபடி கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

சோவியத் விமானந்தாங்கிகள் அத்தனையும் இந்தக் கருங்கடல் தளம் ஒன்றில்தான் உருவாயின. 1960-களில் மாஸ்க்வா, லெனின்கிராத் என்ற இரு ஹெலிகாப்டர் தாங்கிகள். பிறகு கீவ், மின்ஸ்க், நோவராசீஸ்க், பாக்கு. அதற்கும் பிறகு இன்றைய அட்மிரல் குஸ்னெத்சோவ், வர்யாக். கடைசியாக, பாதியில் நின்ற அணுசக்திக் கப்பல் உல்யானோவ்ஸ்க். குஸ்னெத்சோவ் அளவுள்ள உடலைத் தகடு தகடாகச் சாய்தளத்தில் (கப்பலைக் கட்டி நீரில் இறக்கும் சரிவுமேடையில்) ஒட்டிக்கொண்டிருந்தால் காலம் போதாது. எனவே பின்லாந்தின் கோனே நிறுவனத்திடமிருந்து தலா 900 டன் தூக்கும் இரண்டு கேன்ட்ரி கிரேன்களை வாங்கினார்கள். கப்பலைப் பெரிய பெரிய பிளாக்குகளாகப் பிரித்து, குழாய், கேபிள், கருவிகளில் முடிந்த அளவு தரையிலேயே பொருத்தி, பிறகு தூக்கி வைத்து வெல்டிங் செய்தார்கள். பிளாக் முழுமை பெறாமல் மேலே ஏறிவிட்டால், அதே வேலையை இருட்டான அறைக்குள் குனிந்து செய்ய நேரும். நேரமும் செலவும் பல மடங்காகும். இந்த முறையின் அருமை அங்கேதான் தெரியும்.

பாக்குதான் நமது விக்ரமாதித்யா. 1978-ல் அடித்தளம் இடப்பட்டு, 1982-ல் நீரில் இறங்கி, 1987 டிசம்பரில் சோவியத் கடற்படையில் சேர்ந்தது. அதன் முன்தளத்தில் 12 கனரக ஏவுகணைக் குழாய்கள் இருந்தன. விமானந்தாங்கியின் மூக்கில் ஏவுகணை எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. கருங்கடலிலிருந்து வெளியேற துருக்கியின் நீரிணைகளைத் தாண்ட வேண்டும். 1936-ன் மான்ட்ரோ உடன்படிக்கை விமானந்தாங்கிகளுக்கு அந்த வழியைத் தருவதில்லை. ஆகவே சோவியத் அரசு இவற்றை ‘விமானம் தாங்கும் கனரக குரூசர்’ (குரூசர் என்பது ஒரு வகைப் பெரிய போர்க்கப்பல்) என்று வகைப்படுத்தியது. ஏவுகணை இருந்ததால் குரூசர் என்ற வாதம் நின்றது. பிற்பாடு நாம் வாங்கியபோது, அந்தக் குழாய்களை எல்லாம் பெயர்த்தெடுத்துவிட்டு அந்த இடத்தில் மிக்-29கே போர் விமானங்கள் ஏறிப் பறக்கும் வளைமேடை அமைக்க நேர்ந்தது.

இந்த மாற்றத்தை மட்டும்தான் ரஷ்யா செய்தது. இடம் வடக்கே செவரத்வின்ஸ்க், ஒப்பந்தம் 2004 ஜனவரி. செலவு ஏறியதற்குக் காரணம் ஊழல் என்று சுருக்கி எழுதுவது சரியல்ல. பழைய கப்பலைத் திறந்து பார்க்காமல் மதிப்பீடு போட்டதுதான் முக்கியக் கோளாறு. மொத்தம் உள்ள சுமார் 2,500 அறைகளில் 1,750-க்கும் மேற்பட்டவற்றை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று, 2,300 கி.மீ. புதிய கேபிள் ஓடியது. 2012 சோதனை ஓட்டத்தில் எட்டு பாய்லர்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. கல்நார் வேண்டாம் என்று நாம் கேட்டதால் வெப்பக்காப்புக்குத் தீச்செங்கல் வைத்ததாகவும், முழு வேகத்தில் அது தாங்கவில்லை என்றும் ரஷ்யத் தரப்பு சொன்னது. பாய்லரின் உட்சுவர் ஒரு முறை பெயர்ந்தால், அடுப்பை முழுக்க ஆறவைத்து உள்ளே இறங்கித்தான் சரிசெய்ய முடியும். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது அது நடக்காது. கப்பல் நம் கடற்படையில் சேர்வது 2013 நவம்பர் 16 வரை தாமதமானது இதனால்தான்.

உடன்பிறப்புகளின் கதியையும் சொல்ல வேண்டும். உல்யானோவ்ஸ்கை 1992 பிப்ரவரியில் சாய்தளத்திலேயே வெட்டத் தொடங்கினார்கள். ஏறத்தாழ எழுபது சதவீதம் முடிந்திருந்த வர்யாக், 1998-ல் மக்காவு நிறுவனம் ஒன்றுக்கு 2 கோடி டாலருக்குப் போனது. மிதக்கும் சூதாட்ட விடுதி ஆக்குவதாகச் சொன்னார்கள். துருக்கி பல மாதம் வழிவிடவில்லை. 2001 நவம்பரில் போஸ்பரஸைத் தாண்டியதும் ஈஜியன் கடலில் புயலில் இழுவைக் கயிறு அறுந்தது. சொந்த எஞ்சின் ஓடாத கப்பலுக்கு சூயஸில் அனுமதி கிடைக்காததால் ஆப்பிரிக்காவைச் சுற்றி, 2002 மார்ச்சில் தாலியன் சேர்ந்தது. 2012-ல் அதுவே சீனாவின் முதல் விமானந்தாங்கி லியாவ்னிங் ஆனது. அந்த உடலை ஈன்ற தளமோ 2021-ல் திவாலாகிக் கலைக்கப்பட்டது. இதை எழுதவே மனம் கனக்கிறது.

ராஜ்புத், ராணா, ரஞ்சித், ரண்வீர், ரண்விஜய் ஐந்தும் மூத்த தளமான 61 கம்யூனார்டுகளில் கட்டப்பட்டவை; 1980 முதல் 1987 வரை நம் கடற்படையில் சேர்ந்தன. அவற்றின் மூல வடிவமான காஷின் வகையில் 1962-ல் வந்த முதல் கப்பல், முழுக்க கேஸ் டர்பைனில் (எரிபொருளின் சூடான வாயுவால் சுழலும் எஞ்சினில்) ஓடிய முதல் பெரிய போர்க்கப்பல்களில் ஒன்று. டர்பைன்கள் எழுப்பிய ஓசையால் ‘பாடும் கப்பல்’ என்றே மாலுமிகள் அழைத்தனர்.

அந்த டர்பைன்கள் வந்ததும் இதே ஊரிலிருந்து. 1953-ல் தொடங்கிய தெற்கு டர்பைன் ஆலை, இன்றைய ஸோர்யா-மாஷ்புரோயெக்த். கேஸ் டர்பைனைத் திருப்பிச் சுழற்றுவது எளிதல்ல. மேற்கத்தியக் கப்பல்கள் பெரும்பாலும் புரொப்பல்லரின் பிளேடு கோணத்தை மாற்றிப் பின்னால் செல்கின்றன. மிக்கோலாயிவ் பொறியாளர்கள் டர்பைனிலேயே இரண்டு அடுக்கு பிளேடு வைத்தார்கள். வாயுவை ஓர் அடுக்கில் விட்டால் முன்னே, மற்ற அடுக்கில் விட்டால் பின்னே. ஐ.என்.எஸ். சென்னை உள்ளிட்ட கொல்கத்தா வகையின் மூன்று கப்பல்களிலும், விசாகப்பட்டினம் வகையின் நான்கிலும் இந்த டர்பைன்கள்தான் ஓடுகின்றன, கப்பலுக்கு நான்கு. வேறு எஞ்சினை இவற்றில் அப்படியே மாட்டிவிட முடியாது. கியர்பாக்ஸ், அடித்தாங்கி, காற்று உள்ளிழுக்கும் குழாய், புகைபோக்கி எல்லாம் மாற வேண்டும்.

2014-க்குப் பிறகு உக்ரைன் ரஷ்யாவுக்கு டர்பைன் தருவதை நிறுத்தியதும், கலினின்கிராத்தில் கட்டிவந்த போர்க்கப்பல்கள் எஞ்சின் இல்லாமல் வெறும் உடல்களாக நின்றன. அவற்றில் இரண்டைத்தான் நாம் வாங்கி, எஞ்சின்களை உக்ரைனிடம் நாமே பெற்றுக் கொடுத்தோம். 2024 டிசம்பரில் சேர்ந்த ஐ.என்.எஸ். துஷில், அடுத்த ஆண்டு சேர்ந்த தமால் இரண்டும் அவையே. இன்று மிக்கோலாயிவ் ஏவுகணைத் தாக்குதலுக்கு உட்பட்ட நகரம். கடலுக்குப் போகும் முகத்துவாரத்திலுள்ள கின்பர்ன் மணல்திட்டு ரஷ்யப் படையிடம் இருப்பதால் அதன் துறைமுகத்திலிருந்து கப்பல் வெளியேற வழியில்லை. ஐ.என்.எஸ். சென்னையையும் ஐ.என்.எஸ். கொல்கத்தாவையும் ஓட்டும் டர்பைன்களின் பெரிய பராமரிப்பு இனி எங்கே, யார் கையால் நடக்கும் என்பதை அடுத்த சிறப்பிதழில் கடற்படை அதிகாரிகளிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி