முதலில் அழுத்தத்தின் அளவைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் இருந்து ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. அது பற்றி வரும் விளம்பரங்களில் இளமை திரும்பும், மூளை கூர்மையாகும், களைப்பு தீரும் என்றெல்லாம் இருக்கிறது. எவ்வளவு அழுத்தம், எத்தனை நிமிடம், எந்த நோய்க்கு என்ற விவரம் மட்டும் இருப்பதில்லை. இது அளவு பார்த்துக் கொடுக்கவேண்டிய மருந்து. ஆகவே நோயாளிகளும் வீட்டாரும் முதலில் கேட்கவேண்டியது அந்த அளவைத்தான்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். நுரையீரல் நன்றாக உள்ளவருக்கு அதிலேயே, சிவப்பணுக்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் அதில் ஏற்ற இடமில்லை. சுற்றியுள்ள அழுத்தத்தைக் கூட்டினால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவிலேயே ஆக்சிஜன் கரையத் தொடங்கும். சாதாரணமாக 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் இப்படிக் கரைந்திருப்பது 0.3 மில்லிலிட்டர்தான். 3 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் (கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் 1 அட்மாஸ்பியர்) தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது 6 மில்லிலிட்டரை நெருங்கும். ஓய்வாக இருக்கும் உடல் சிவப்பணுக்களின் உதவி இல்லாமலே சிறிது நேரம் தாக்குப்பிடிக்க அது போதும். ஆம்ஸ்டர்டாமின் அறுவை மருத்துவர் போரெமா 1960-ல் வெளியிட்ட ஆய்வில் பன்றிகளை வைத்து இதைக் காட்டினார்.

மருத்துவமனை அறைகள் 2 முதல் 3 அட்மாஸ்பியர் வரை போகும். ஆறாத புண்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 2.5 அட்மாஸ்பியர், சுமார் 90 நிமிடம். ஆனால் வீட்டுக்கும் அழகு நிலையத்துக்கும் விற்கப்படும், காற்றடைத்தால் உப்புகிற துணி அறைகள் பொதுவாக 1.3-ஐத் தாண்டுவதில்லை. அதற்குள் வெறும் காற்றைச் சுவாசித்தால் என்ன கிடைக்கும்? 21-ஐ 1.3-ஆல் பெருக்குங்கள்: சாதாரண அழுத்தத்தில் சுமார் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். வெளியே உட்கார்ந்து, மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் வைத்தால் கிடைப்பதும் ஏறக்குறைய அதுவே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய துணி அறைகளை அனுமதித்தது உயரமான மலைகளில் வரும் நோய்க்கு மட்டும். புண் உள்ள காலை மட்டும் ஒரு பைக்குள் நுழைத்து ஆக்சிஜனை நிரப்புவதும் இந்தச் சிகிச்சை அல்ல. நோயாளி அழுத்தத்துக்குள் இருந்து, ஆக்சிஜனை மூச்சில் இழுக்கவேண்டும்.

எந்த நோய்களுக்குப் பயன்படும்? சிலவற்றில் கடிகாரம்தான் எல்லாம். கார்பன் மோனாக்சைடு நச்சு இரத்தத்தில் பாதியாகக் குறைய, சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரம் ஆகும். முகமூடியில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி. 3 அட்மாஸ்பியரில் அரை மணிக்கும் குறைவு. முக்குளிப்பவர்களுக்கு வரும் அழுத்தக்குறைவு நோய், இரத்தக்குழாயில் காற்றுக்குமிழி, வாயு அழுகல் நோய் (தசையை வேகமாக அழிக்கும் தொற்று) ஆகியவையும் தாமதம் பொறுக்காதவை. விழித்திரையின் முக்கியத் தமனி அடைபட்டுப் பார்வை சட்டென்று போனால் 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் ஓரளவு நம்பிக்கை. காரணம் தெரியாமல் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ஸ்டீராய்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் தொடங்கவேண்டும். காதில் அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே மாதத்தைக் கடத்திவிட்டு வருபவர்களுக்குச் செய்யக்கூடியது குறைவு.

சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு இதைப் பரிந்துரைக்கும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஆழமாகப் போய் எலும்பையோ தசைநாரையோ தொட்ட, சீழ் பிடித்த புண்களுக்குத்தான் இது. ஆய்வு முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை: சிலவற்றில் புண் ஆறுவது கூடியது, வேறு சிலவற்றில் காலை வெட்டி எடுப்பது குறையவில்லை. அதனால்தான் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு, 30 நாள் முறையான புண் பராமரிப்பில் முன்னேற்றம் இல்லாதவர்களுக்கு மட்டும் இதற்குப் பணம் தருகிறது. முறையான பராமரிப்பு என்றால் இறந்த சதையை அகற்றுவது, புண்மேல் எடை விழாமல் தடுப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, தொற்றுக்கு மருந்து, கால் தமனியில் அடைப்பு இருந்தால் அதை நீக்குவது. அடைபட்ட தமனியை அப்படியே விட்டுவிட்டு அறைக்குள் அனுப்புவது வீண். புண்ணின் ஓரத்துத் தோலில் ஆக்சிஜன் அளவை, அதன்மேல் ஒட்டும் கருவியால் பார்க்கலாம். வெளியே 40 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இருப்பது, அறைக்குள் ஆக்சிஜன் சுவாசிக்கும்போது 200-க்கு மேல் ஏறினால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இந்த அளவீட்டைச் செய்தார்களா என்று கேளுங்கள்.

புற்றுநோய்க்கான கதிர்வீச்சுக்குப் பல மாதங்கள், ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பையில் இரத்தக்கசிவு, தாடை எலும்புச் சிதைவு வந்தவர்களுக்கும் இது தரப்படுகிறது. ஆனால் புற்றுநோயையே ஆற்றும், ஆட்டிசத்தைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இத்தகைய பேச்சு புதிதும் அல்ல. 1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஐந்து மாடி உயரத்துக்கு ஓர் எஃகுக் கோளத்தையே அழுத்த அறையாகக் கட்டி, சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் மருந்து என்றார்கள். ஆதாரம் கேட்டபோது ஒன்றும் வரவில்லை; கோளம் பின்னர் பழைய இரும்பாகப் போனது.

இனி, அறைக்குள் போகுமுன். மார்பு எக்ஸ்ரே எடுக்காமல் உள்ளே அனுப்பினால் ஏன் என்று கேளுங்கள். நுரையீரலுக்கு வெளியே காற்று தேங்கியிருந்து அதை வடிக்காமல் விட்டிருந்தால், இந்தச் சிகிச்சை கூடவே கூடாது: அழுத்தம் இறங்கும்போது அந்தக் காற்று விரிந்து உயிரைப் பறிக்கும். நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, வலிப்பு நோய், பலவீனமான இதயம், காது அறுவை சிகிச்சை, பேஸ்மேக்கர் எதையும் மறைக்கவேண்டாம். பிளியோமைசின், டாக்சோருபிசின், சிஸ்பிளாட்டின், டைசல்ஃபிராம் மருந்துகள் எப்போதோ எடுத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

அதிகம் பேர் அவதிப்படுவது காதால்தான். அழுத்தம் ஏறும்போது செவிப்பறை உள்நோக்கி வளையும். எச்சில் விழுங்குங்கள், தாடையை அசையுங்கள், அல்லது மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுங்கள். இதை வலி வருமுன்பே, முதல் நிமிடத்திலிருந்தே செய்யவேண்டும். 1-லிருந்து 2 அட்மாஸ்பியருக்குப் போகும்போதுதான் காதுக்குள் உள்ள காற்று பாதியாகச் சுருங்குகிறது. அதற்கு மேல் மாற்றம் குறைவு. வலி வந்தபின் காதுக்கும் தொண்டைக்கும் இடையேயுள்ள குழாய் இறுகிக்கொள்ளும்; பலமாக ஊதினால் உட்காது பழுதாகும். வலித்தால் உடனே கையைக் காட்டுங்கள், இயக்குபவர் நிறுத்திச் சற்று இறக்குவார். பொறுத்துக்கொள்வதில் பெருமை இல்லை. சளி பிடித்திருந்தால் அன்றைக்குத் தள்ளிப்போடுங்கள். அழுத்தம் இறங்கும்போது ஊதவேண்டாம், மூச்சையும் அடக்கவேண்டாம்.

வாசலில் நடக்கும் சோதனையைப் பலர் கெடுபிடி என்று எண்ணுகிறார்கள். ஒருவர் மட்டும் படுக்கும் கண்ணாடி போன்ற அறை பெரும்பாலும் தூய ஆக்சிஜனாலேயே நிரப்பப்படுகிறது. அதற்குள் ஒரு பொறி போதும். 1997-ல் மிலான் நகர மருத்துவமனை ஒன்றில், பலர் சேர்ந்து உட்காரும் அறையில் பிடித்த தீயில் 11 பேர் இறந்தார்கள். கையைச் சூடாக்கும் சிறு கருவி ஒன்று உள்ளே போயிருந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஐந்து வயதுச் சிறுவன் அறைக்குள்ளேயே தீயில் இறந்தான். ஆகவே கைபேசி, கடிகாரம், காது கேட்கும் கருவி, லைட்டர், நெய்ல் பாலிஷ், தலைக்கு எண்ணெய், முகப்பூச்சு, வாசனைத் தைலம், வாசலின் எதுவும் கூடாது. மையம் தரும் முழுப் பருத்தி உடை மட்டுமே. பாலியஸ்டர் உள்ளாடைகூட உரசி மின்னூட்டம் சேர்க்கும். தூய ஆக்சிஜன் நிரம்பும் அறையானால், மணிக்கட்டில் நிலத்தோடு இணைக்கும் பட்டை மாட்டினார்களா, அதை அன்றன்று சோதித்தார்களா என்று பாருங்கள். உடையை மாற்றச் சொல்லாத, பையைச் சோதிக்காத மையத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் வெறும் வயிற்றில் வரக்கூடாது. அறைக்குள் சர்க்கரை இறங்கும். முன்னும் பின்னும் அளந்து, 100 மி.கி.யை ஒட்டி இருந்தால் ஏதாவது சாப்பிட்டபிறகே உள்ளே போகவேண்டும். சிகிச்சை நடக்கும் வாரங்களில் புகையும் கூடாது. நிகோட்டின் இரத்தக்குழாயைச் சுருக்கிவிடும், உள்ளே ஏற்றிய ஆக்சிஜன் புண்ணை எட்டாது.

இடையிடையே ஐந்து, பத்து நிமிடம் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கச் சொல்வது ஆக்சிஜன் நச்சைத் தவிர்க்க. உதடு துடிப்பு, காதில் இரைச்சல், குமட்டல், பார்வை குறுகுவது தோன்றினால் உடனே சொல்லுங்கள். அரிதாக வலிப்பு வரும். அப்போது இயக்குபவர் ஆக்சிஜனை நிறுத்துவார், ஆனால் வலிப்பு ஓயும்வரை அழுத்தத்தை இறக்கமாட்டார். மூச்சு அடைபட்ட நிலையில் இறக்கினால் நுரையீரல் கிழியும். கதவைத் திற என்று வெளியே இருந்து கத்தும் உறவினர்கள் இதை அறிந்திருக்கவேண்டும். 2.4 அட்மாஸ்பியரில் கதவின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 1.4 கிலோ அழுத்திக்கொண்டிருக்கும், நினைத்தவுடன் திறக்கமுடியாது.

இருபது அமர்வுகளுக்குப் பின் தூரப்பார்வை மங்கினால் புதுக் கண்ணாடி வாங்கவேண்டாம். சிகிச்சை முடிந்த சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். ஏற்கெனவே கண்புரை இருந்தால் அது வேகமாக முற்றலாம்.

நாள்பட்ட புண்ணுக்கு 20 முதல் 40 அமர்வு வரை, வாரம் ஐந்து நாள் ஆகும். ஆனால் 30 நாளுக்கு ஒருமுறையாவது புண்ணை அளந்து, சுருங்கவில்லை என்றால் நிறுத்தவேண்டும். ஆகையால் நாற்பதுக்கும் சேர்த்து முதல் நாளே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அடுத்த அளவீடு எந்தத் தேதியில் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உயரழுத்த ஆக்சிஜன் சிகிச்சைப் பிரிவு ஒன்றின் மருத்துவர்கள், செவிலியர்கள், அறை இயக்குநர்கள்