மெஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்: டர்பன் வட்டாரத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியோர்களே, அம்மாமார்களே, வணக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பாங்க் பக்கம் வேலையில்லாத நம் பையன்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்கலாம் என்று உங்களில் சிலர் பேசிவருவது காதில் விழுந்தது. சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் வகுப்பு, நாலைந்து மெஷின், கடைசியில் மேடையில் வைத்துச் சான்றிதழ். நல்ல எண்ணம்தான். நான் திருச்சியில் தொழில் பழகி, இங்கே வந்து வெல்டிங் இன்ஸ்பெக்டராகப் பிழைப்பவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். மெஷின் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். முதல் மாதம் பையன்கள் வெல்டிங்கைப் பார்க்கவும் உடைக்கவும் கற்கட்டும்.

மெர்பாங்க்கிலும் வென்ட்வொர்த்திலும் ஒரு காலத்தில் இந்த யோசனைக்கே வேலை இருந்ததில்லை. எஞ்சன், சாப்ரெஃப் என்ற இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கூப்பிடு தூரத்தில். ஷட்டவுன் என்று ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் நாள் வந்தால் மாமனோடு உதவியாளாக உள்ளே போன பையன், பார்த்துப் பார்த்தே கை பழகி, நாலைந்து வருஷத்தில் கோடட் வெல்டர், அதாவது சோதனையில் தேறிய வெல்டர், ஆகிவிடுவான். 2020 டிசம்பர் 4 காலையில் எஞ்சன் ஆலையில் வெடித்தது. அதன்பிறகு அங்கே சுத்திகரிப்பு திரும்பத் தொடங்கவில்லை. சாப்ரெஃப் 2022-ல் நின்றது. அந்த வாசல் இப்போது இல்லை. இனி நம் பிள்ளை வெளியூர் போய், முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் தகட்டில் போட்டுக் காட்டித்தான் வேலை வாங்க வேண்டும்.

அவர் என்ன பார்ப்பார் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். 10 மில்லிமீட்டர் தகடு ஒன்றைப் படுக்கவைத்து, இன்னொன்றை அதன்மேல் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போடுங்கள். ஆறட்டும். அப்புறம் நிற்கிற தகட்டை, வெல்டிங் இருக்கிற பக்கமாகவே சாயும்படி பெரிய சுத்தியலால் அடித்து மடக்குங்கள். நல்ல வெல்டிங் விடாமல் மடங்கிப் படுக்கும். உடைந்தாலும் உள்ளே முழுக்க ஒரே சாம்பல் நிறமாக இருக்கும். மோசமானது பட்டென்று பிளக்கும். பிளந்த இடத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். தகட்டின் விளிம்பு வெட்டினது வெட்டினபடி நேர்க்கோடாக நிற்கும். அங்கே இரும்பு உருகவே இல்லை. பக்கத்தில் கறுப்பாகக் கசடு, பொடிப்பொடியாகக் காற்றுத்துளை. இத்தனைக்கும் மேலே பார்த்தால் மீன் செதில் அடுக்கினாற்போல அத்தனை அழகாக இருந்திருக்கும்! இதை ஒருமுறை தன் கையால் உடைத்துப் பார்த்த பையனுக்கு ஆயுசுக்கும் மறக்காது.

அடுத்தது டர்பன் காற்று. கடலோரத்து ஈரம் 7018 என்ற வகை வெல்டிங் ராடுக்கு ஆகாது. ராடின் மேல்பூச்சு ஈரத்தை உறிஞ்சினால், அதிலிருந்து ஹைட்ரஜன் உருகிய இரும்புக்குள் போய், தடித்த தகட்டிலும் கடினமான எஃகிலும் விரிசல் விடும். அந்த விரிசல் ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட வரும். சில வேலைகளில் 48 மணி நேரம் பொறுத்திருந்து நாங்கள் சோதிப்பது அதனால்தான். பாக்கெட் பிரித்த ராடு குறைந்தது 120 டிகிரி சூட்டில் அடுப்பில் இருக்க வேண்டும். வெளியே எடுத்தால் சாதாரணமாக 4 மணி நேரம்தான் கணக்கு. பக்கி வண்டியின் (சின்ன பிக்கப் லாரி) பின்னால் வாரக்கணக்கில் கிடக்கும் பாக்கெட்டைக் காட்டி, “போன வாரம் நல்லாத்தானே பிடிச்சுது” என்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். வீட்டுக் கேட்டுக்கு 6013 ராடு போதும், அதற்கு இவ்வளவு பாடு கிடையாது. எதற்கு எது என்று தெரிவதுதான் தொழில்.

பாதுகாப்புக்கு வருகிறேன். முகக்கவசமும் கையுறையும் வாங்கிக் கொடுத்தால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். நம் வீதிகளில் 210 லிட்டர் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, இறைச்சி சுடும் பிராய் அடுப்பு செய்து விற்காதவர் யார்? வெல்டிங் பழகும் பையன் முதலில் கை வைப்பதும் அதில்தான். எண்ணெயோ தின்னரோ இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். பொறி பட்டால் மூடி பறக்கும், சில சமயம் ஆளும் பிழைக்கமாட்டார். இப்படிப்பட்ட கலத்தைச் சுத்தப்படுத்தாமல் நெருப்பு வைக்கக்கூடாது என்று 1993-ம் ஆண்டின் 85-ம் எண் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த பொதுப் பாதுகாப்பு விதிகளில் 9-வது விதி சொல்கிறது. வகுப்பின் முதல் நாளே இதைச் சொல்லுங்கள்.

பந்தல் பைப்புகள் பெரும்பாலும் துத்தநாகம் பூசியவை. அதைச் சுரண்டாமல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். ராத்திரி குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்பது வெல்டர்களின் பழைய நம்பிக்கை. சரியாகாது, பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு, காற்றோட்டமாக நின்று போட வேண்டும். வெல்டிங் புகையே புற்றுநோய் தரக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் முடிவு செய்தாயிற்று. வெறுங்கண்ணால் ஆர்க்கை, அதாவது வெல்டிங் ஒளியை, பார்த்தவனுக்கு அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில்தான் கண்ணில் மணல் கொட்டியது மாதிரி எரியும். பாட்டி உருளைக்கிழங்கு நறுக்கி வைப்பார்; டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பிப்ரவரி வெக்கையில் வியர்வையில் நனைந்த கையுறையோடு ராடு மாற்றுவதும் ஆபத்து, ஷாக் அடிக்கும்.

மண்டபத்தில் வகுப்பு வேண்டவே வேண்டாம். காவடி ஜோடனையும் கற்பூர டப்பாவும் அடுக்கியிருக்கும் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்தில் பொறி பறக்க விடுவதற்கு எந்த முருகனும் பொறுப்பேற்கமாட்டார். பொறி பத்து மீட்டர் தள்ளியும் விழும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும்.

இன்ஸ்பெக்‌ஷன் என்பது பெரிய கம்பெனிக்காரர்களின் சடங்கு என்று நினைப்பவர்கள் மெடுப்பியை நினைத்துப் பார்க்கலாம். அந்த அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் வெல்டிங் கோளாறு என்று 2013-ல் தெரியவந்து, போட்டதைத் திரும்பப் போட வேண்டியதாயிற்று. மின்வெட்டில் நாம் மெழுகுவத்தி தேடிய காலத்தில் அந்த நிலையம் தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம்.

சான்றிதழ் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். நாலு வார வகுப்புக்கு ‘வெல்டர்’ என்று அச்சடித்துக் கொடுக்காதீர்கள். வந்து கலந்துகொண்டார் என்று எழுதினால் போதும். வெல்டர் என்ற தகுதி அப்ரண்டிஸாக இருந்து டிரேட் டெஸ்ட் எழுதி, ரெட் சீல் என்ற தொழில் சான்றிதழ் வாங்கி வருவது. கோடட் என்பது அதற்கும் மேல்: எந்த நிலையில், எந்தத் தடிப்பில் போட்டுத் தேறினானோ அந்த அளவுக்குத்தான் செல்லும். வெல்டர் தேர்வுக்கான சர்வதேசத் தரவிதி ஐஎஸ்ஓ 9606-ன்படி அவன் தொடர்ந்து அந்த வேலை செய்கிறான் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையெழுத்தும் வேண்டும். இன்ஸ்பெக்டர் ஆக ஆசைப்பட்டால் ஜோகன்னஸ்பர்க்கில் சதர்ன் ஆப்பிரிக்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் வெல்டிங் இருக்கிறது. 1948-ல் தொடங்கியது, லெவல் 1, லெவல் 2 என்று படிப்பு நடத்துகிறது. மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டு பிள்ளைகளின் கட்டணத்துக்கு உதவினாலும் புண்ணியம். பெண்பிள்ளைகளையும் கேளுங்கள். கேஜ் பிடித்து அளக்க மீசை தேவையில்லை.

இப்போதைக்கு வேண்டியது கொஞ்சம்தான். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும் தகடுகள், ஒரு வெல்டிங் கேஜ், நல்ல டார்ச், இரும்பு ஸ்கேல், கனமான சுத்தியல், எல்லோருக்கும் கண் கண்ணாடி. உடைப்பதற்கான துண்டுகளை, நல்லதும் கெட்டதுமாக, வேலை நடக்கும் ஒர்க்‌ஷாப்பிலேயே போட்டு நான் கொண்டுவருகிறேன். சனிக்கிழமை காலைகளில் வரத் தயார், சம்பளம் வேண்டாம். மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் தொடங்கிவிடலாம். அடுத்த கமிட்டிக் கூட்டம் என்றைக்கு என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் இன்ஸ்பெக்டர், டர்பன்