மூச்சு எடுக்கும் இடம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ போனில் கேட்டதற்கு அன்றிரவு நான் சரியான பதில் சொல்லவில்லை. "மனந்திரும்பினேன், விசுவாசித்தேன், எல்லாம் உண்மைதான் அம்மா. ஆனால் இப்போது உள்ளே ஒன்றுமே இல்லை. நான் எந்தப் படியில் நிற்கிறேன்? இல்லை, முதலிலிருந்தே ஏறவில்லையா?" என்று கேட்டாய். "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. "படி" என்ற அந்தச் சொல்லை உன் கையில் கொடுத்தவள் நான்தான்.

ஓய்வுநாள் பள்ளியில் உனக்கு எட்டு வயது. பெரிய அட்டையில் இரட்சிப்பின் படிக்கட்டு வரைந்து, ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் எழுதிக் கொண்டுவந்தேன். அழைப்பு, மறுபிறப்பு, மனந்திரும்புதல், விசுவாசம், நீதிமானாக்கப்படுதல், தேவனுடைய பிள்ளையாக ஏற்கப்படும் புத்திரசுவிகாரம், பரிசுத்தமாகுதல், நிலைத்திருத்தல், மகிமைப்படுதல். வகுப்பிலேயே நீதான் முதலில் ஒப்பித்தாய். அந்தப் பெயர்களில் ஒரு குறையும் இல்லை. எல்லாம் வேதத்திலிருந்து வந்தவை. குறை படத்தில் இருந்தது. படிக்கட்டில் ஒரு படியிலிருந்து காலை எடுத்தால்தான் அடுத்த படியில் வைக்க முடியும். இரட்சிப்பிலோ எதையும் பின்னால் விட்டுவிட்டுப் போவதில்லை. பாடகர் குழுவில் இத்தனை ஆண்டுகள் ஆல்டோ பாடியவள், இதைப் பாட்டைக் கொண்டு சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இப்போதாவது சொல்கிறேன், பொறுமையாகப் படி.

அப்பா உனக்குக் கிட்டாரில் சுருதி சேர்க்கச் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? நகத்தளவு காகிதத்தை இரண்டாக மடித்து, ஐந்தாவது கம்பியின் மேல் உட்கார வைப்பார். ஆறாவது கம்பியை ஐந்தாம் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டச் சொல்வார். ஐந்தாவது கம்பி தளர்ந்திருந்தால், நீ எவ்வளவு பலமாக மீட்டினாலும் காகிதம் அசையாது. அவர் ஆணியை மயிரிழை மயிரிழையாக முறுக்குவார். இரண்டு கம்பிகளும் ஒரே சுருதிக்கு வந்த அந்தக் கணத்தில் காகிதம் துடிக்கும். துள்ளிக் கீழே விழும். யாரும் தொடாத கம்பி பாடத் தொடங்கியிருக்கும். நீ கைதட்டிச் சிரிப்பாய்.

அழைப்பு என்பதும் மறுபிறப்பு என்பதும் எனக்கு அந்தக் காகிதம்தான். சுவிசேஷம் எல்லார் காதிலும் விழுகிறது. ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலிருப்பவர் அதே வசனத்தைக் கேட்டு நடுங்குகிறார். இதில் முந்தியது மறுபிறப்பா, விசுவாசமா என்று சபைகள் நெடுங்காலமாக வாதாடி வருகின்றன. சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் வழியில் வந்தவர்கள், ஆணி முறுக்கப்பட்ட பிறகுதான் கம்பி ஒலிக்கிறது, ஆகவே மறுபிறப்பே முந்தியது என்கிறார்கள். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியில் வந்தவர்கள், மனிதன் தேடுமுன்பே முந்திவரும் கிருபை ஒருவனைப் பதில் சொல்லத் தகுதியாக்குகிறது, அவன் விசுவாசிக்கும்போது மறுபடி பிறக்கிறான் என்கிறார்கள். என் மனம் முதல் பக்கம் சாய்கிறது. ஆனாலும் கம்பி தன்னைத் தானே முறுக்கிக்கொண்டது என்று இரண்டு பக்கத்தாரும் சொல்வதில்லை. அது எனக்குப் போதும்.

வெஸ்லி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1738 மே 24 அன்று இரவு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஜான் வெஸ்லி விருப்பமில்லாமல் போனார். ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது தம் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதை உணர்ந்ததாக அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பிரசங்கங்களில் இதோடு நிறுத்திவிடுவார்கள். நான் அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளை உனக்குக் காட்ட விரும்புகிறேன்.

முன்னே நடந்தது பாட்டு. அன்று பிற்பகல் அவர் புனித பவுல் பேராலயத்துக்குப் போனார். அங்கே பாடகர் குழு பாடியது 130ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்." மனந்திரும்புதலின் சங்கீதம் அது. இரவில் வந்த விசுவாசத்துக்குப் பிற்பகலிலேயே சுருதி வைத்தாயிற்று என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

பின்னே நடந்தது உன் கதை. இருதயம் அனல்கொண்ட சற்று நேரத்துக்குள்ளேயே, "இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் சந்தோஷம் எங்கே?" என்று சத்துரு கேட்டதாக வெஸ்லி எழுதுகிறார். வீட்டுக்குத் திரும்பிய பிறகும் சோதனைகள் மறுபடி மறுபடி வந்து அவரை அலைக்கழித்தன. பரவசத்தைத் தேவன் சில வேளை கொடுக்கிறார், சில வேளை கொடாமல் வைத்திருக்கிறார் என்று அன்றைக்கே அவர் கண்டுகொண்டார். அதே நாள், அதே பக்கம், மகளே. உள்ளே ஒன்றும் இல்லை என்று நீ சொன்னபோது இந்தப் பக்கத்தை எடுத்து உனக்கு வாசித்துக் காட்டியிருக்க வேண்டும்.

இனி நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். "இயேசுவே, என் மகிழ்ச்சியே" என்று தொடங்கும் மோட்டெட் உனக்குத் தெரியும், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் பாடகர் குழுவுக்காக எழுதிய பக்தி இசை. ஒத்திகைக்கு உன்னையும் கூட்டிக்கொண்டுபோவேன், நீ பெஞ்சின் ஓரத்தில் தூங்கிவிடுவாய். பதினொரு பகுதிகள். ஒற்றைப்படைப் பகுதிகளில் 17ஆம் நூற்றாண்டில் யோஹான் ஃபிராங்க் எழுதிய ஞானப்பாட்டின் ஆறு சரணங்கள். இரட்டைப்படைப் பகுதிகளில் ரோமர் 8ஆம் அதிகாரத்தின் வசனங்கள். மனிதன் இயேசுவை நோக்கிப் பாடுகிறான், வேதம் பதில் சொல்கிறது, மறுபடி மனிதன் பாடுகிறான்.

இரண்டாம் பகுதி, "ஆக்கினைத்தீர்ப்பில்லை" என்ற வசனம். "ஒன்றுமில்லை" என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை ஐந்து குரல்களும் சேர்ந்து பாடுகின்றன. உடனே நிசப்தம். மறுபடி அதே சொல், மெதுவாக. மறுபடி நிசப்தம். எங்கள் நடத்துநர் அந்த நிசப்தத்துக்காகவே ஒரு மாலை முழுவதையும் செலவிட்டார். "தாள் புரளும் சத்தம்கூட வேண்டாம், இங்கே நீதிபதி பேசி முடித்துவிட்டார்" என்றார். என் பிரதியில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன என்று எனக்கு உடலில் புரிந்தது அன்றைக்குத்தான். அது வளர்வதுமில்லை, குறைவதுமில்லை; நம் மனநிலையைக் கேட்டுவிட்டு வருவதுமில்லை. தீர்ப்பு வாசிக்கப்பட்டது, மன்றம் அமைதியாகிவிட்டது. உன் உள்ளே ஒன்றும் இல்லை என்கிறாய். உனக்கு விரோதமாகவும் ஒன்றும் இல்லை என்கிறது வேதம்.

அதற்கு அடுத்து என்ன வருகிறது தெரியுமா? புயல். மூன்றாம் பகுதியில் இடியும் மின்னலும் சாத்தானும். ஐந்தாம் பகுதியில் பழைய வலுசர்ப்பத்தை எதிர்த்து நின்று பாடும் பாட்டு. தீர்ப்பு வந்த பிறகுதான் சண்டையே தொடங்குகிறது. நட்டநடுவில், ஆறாம் பகுதியில், "மாம்சத்துக்குட்பட்டவர்களாயிராமல் ஆவிக்குட்பட்டவர்கள்" என்ற வசனத்தைப் பாக் ஃபியூக்காக எழுதியிருக்கிறார். ஒரு குரல் கருவைத் தொடங்குகிறது, அடுத்தது அதையே எடுத்துக்கொள்கிறது, பிறகு இன்னொன்று. யார் முதலில் வந்தார்கள் என்பதில் ஒழுங்கு உண்டு. ஆனால் அடுத்த குரல் வந்ததும் முந்தைய குரல் வாயை மூடிக்கொள்வதில்லை. ஐந்தும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்த ஒன்பது பெயர்களையும் இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். இன்றும் அவர் உன்னை அழைக்கிறார். இன்றும் நீ மனந்திரும்புகிறாய். "அப்பா பிதாவே" என்று இன்றும் கூப்பிடுகிறாய். கூப்பிடக் குரல் வராவிட்டாலும் பிள்ளை பிள்ளைதான்.

பரிசுத்தமாகுதலைப் பற்றி நீ கேட்கவில்லை. ஆனால் உன் சோர்வுக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஏன் இன்னும் மாறவில்லை என்று உன்னையே அடித்துக்கொள்கிறாய். "அற்புத கிருபை" எழுதிய ஜான் நியூட்டனைப் பார். 1748 மார்ச்சில், கடலில் கப்பல் மூழ்கும் நிலையில் அவர் இரக்கத்துக்காகக் கூப்பிட்டார். அதை வாழ்நாளெல்லாம் நினைவுகூர்ந்தார். ஆனால் அதன் பிறகும் அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் தலைவராகப் போனார். 1754இல்தான் கடல் வாழ்க்கை முடிந்தது. அந்தப் பாட்டை 1773 புத்தாண்டு நாள் பிரசங்கத்துக்காக எழுதினார். அடிமை வியாபாரத்தை எதிர்த்து, தம் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு அச்சில் எழுதியது 1788இல். புயலுக்கும் அந்தப் பிரசுரத்துக்கும் இடையில் நாற்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் விலங்கிடப்பட்டவர்களின் வேதனையை நினைத்தால் இந்தத் தாமதத்தை என்னால் இலேசாகச் சொல்லிக் கடக்க முடியவில்லை. கிருபை தாமதத்தை நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் கையை விடவில்லை. குருடாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன் என்று பாடியவருக்கு, கண் திறந்த பின்னும் பார்க்கக் கற்றுக்கொள்ள அவ்வளவு காலம் ஆயிற்று.

கிட்டாரும் அப்படித்தான். இரவு சரியாகச் சேர்த்து வைத்த கம்பி காலையில் இறங்கியிருக்கும். புதுக் கம்பி என்றால் இன்னும் அதிகமாக இறங்கும். அப்பா ஒருநாளும் அதற்காகக் கோபப்பட்டதில்லை. மடியில் வைத்து, காதைச் சாய்த்து, மறுபடி ஆணியைத் தொடுவார்.

நியூட்டனின் பாட்டில் இன்னொன்று. பதினாயிரம் ஆண்டுகள் அங்கே இருந்த பிறகும் என்று நாம் குரல் உயர்த்திப் பாடும் கடைசிச் சரணம் அவர் எழுதியதல்ல. பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. நாம் பாடும் மெட்டும் 1835இல்தான் அந்த வரிகளோடு இணைந்தது. அவர் 1807இலேயே மரித்துவிட்டார். அவர் தம் பாட்டை முடித்த இடம், இங்கே என்னை அழைத்த தேவன் என்றென்றும் என்னுடையவர் என்பது. மகிமையின் சரணத்தை அவர் எழுதவில்லை. அழைத்தவரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

ரோமர் 8:30ஐ உன் வேதாகமத்தில் திறந்து வை. "எவர்களை நீதிமான்களாக்கினாரோ அவர்களை மகிமைப்படுத்தியுமிருக்கிறார்." மகிமைப்படுத்துவார் என்று எழுதவில்லை. முடிந்த காரியமாக எழுதியிருக்கிறது. பரிசுத்தமாகுதல் அந்தச் சங்கிலியில் தனியாகப் பெயர் சொல்லப்படவே இல்லை என்பதையும் பார். பாக்கும் இதைக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றும். மோட்டெட்டின் பதினோராம் பகுதிக்கு அவர் புதிய இசை எழுதவில்லை. முதல் பகுதியின் அதே இசை, அதே நான்கு குரல்கள். முதலில் பாடியபோதே முடிவையும் பாடியிருக்கிறோம். சரணம் மட்டும் வேறு. துக்கத்தின் ஆவிகளே விலகுங்கள் என்று அது தொடங்குகிறது.

கடைசியாக, நிலைத்திருத்தல். நீ மிகவும் பயப்படுவது இதற்குத்தான். எந்தப் பாடகருக்கும் முடியாத அளவு நீண்ட சுரங்கள் கோரஸில் வரும். அப்போது நடத்துநர் சொல்வார்: "எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு எடுக்காதீர்கள். பக்கத்திலிருப்பவர் பாடும்போது நீங்கள் எடுங்கள். மெதுவாக வெளியே வாருங்கள், மெதுவாக உள்ளே போங்கள்." நான் வாயை மூடி மூச்சு இழுக்கும் அந்த இரண்டு வினாடிகளில் எனக்கு வலப்பக்கம் நிற்பவர் சுரத்தைப் பிடித்திருப்பார். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு இடைவெளியும் கேட்காது. நான் நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் பாடாத நேரத்திலும் அந்தச் சுரம் எங்கள் சுரம்தான்.

இந்த மாதங்களில் நீ மூச்சு எடுக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் பெயரைச் சொல்லி அப்பா காலையிலும் நான் இரவிலும் பாடிக்கொண்டிருக்கிறோம். நாங்களும் ஒருநாள் களைத்துப்போவோம். அதே 8ஆம் அதிகாரத்தில் 26ஆம் வசனத்தைப் படி. ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்வது வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு என்று இருக்கிறது.

மோட்டெட்டின் ஒலிப்பதிவை அனுப்புகிறேன். இருபது நிமிடம் போல வரும். விளக்கை அணைத்துவிட்டுக் கேள். இரண்டாம் பகுதியில் அந்த நிசப்தம் வந்ததும் நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

என்றும் உன் அன்பு,
அம்மா