நெட்டையனுக்குப் பதினேழாம் லெவல் வந்துவிட்டது

அன்புள்ள மச்சான்,

உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்தது சரியில்லை, தெரியும். வீட்டில் எல்லாரும் சுகம். மழை பிடித்துவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் நோ வழமைபோல, மாஸ்டர் பென்சன் எடுத்துவிட்டார். உன் மான் உயிரோடுதான் இருக்கிறது, கோட்டை வாசலில் பார்த்தேன்.

சரி, நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விசயத்துக்கு வருகிறேன், மேசையைச் சுற்றி இருந்து டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டராகக் கதை ஆடுகிற அதே ஆட்டம்தான். நெட்டையனுக்குப் பதினேழாம் லெவல் வந்துவிட்டது. அவனுடைய விசார்ட், அந்த மந்திரவாதிக் கேரக்டர், ஆறாம் லெவலில் தள்ளாடிக்கொண்டிருந்தபோதே நீ எச்சரித்தாய். ஒன்பதாம் லெவல் ஸ்பெல், அதாவது உச்ச மந்திரம், கிடைத்தவுடன் உடம்பை மாற்றும் ஷேப்சேஞ்ச் எடுத்தான், சிவப்பு டிராகனாக நின்றான், உயிர்க்கணக்கு 256 ஹிட் பொயிண்ட். பதினேழாம் லெவல்காரன் சலஞ்ச் ரேட்டிங், அதாவது மொன்ஸ்டரின் பல அளவு, 17 வரைக்கும் பெரும்பாலும் எதுவாகவும் ஆகலாம் என்பது விதி, அதனால் ஆட்டத்தை நடத்துகிற நான் ஒன்றும் சொல்ல ஏலாது. மாதக்கணக்காகக் கட்டி வளர்த்த சண்டை அவன் நெருப்பை ஊதியதும் முடிந்துவிட்டது. அது பரவாயில்லை. தங்கச்சி, தன் ஃபைட்டர் நிற்கிற இடத்தைக்கூடப் பார்க்காமல் டைஸைக் கீழே வைத்துவிட்டு போனை எடுத்தாள். அதைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை.

நீ உடனே “ஸ்பெல்லைக் குறை” என்பாய். நான் அப்படி நினைக்கவில்லை. கோளாறு அதன் பலத்தில் இல்லை மச்சான். ஸ்பெல்லில் எழுதியிருப்பது கொஞ்சம், மீதியெல்லாம் மொன்ஸ்டர் புத்தகத்தில் கிடக்கிறது, புதுப் புத்தகம் ஒன்று வெளிவந்தால் இதில் ஒரு எழுத்தும் மாறாமலே இது பலமாகிவிடும். 2003இல் வந்த மூன்றரைப் பதிப்பில் ஒவ்வொரு ரவுண்டும் உடம்பை மாற்றலாம், மற்றவர்கள் காத்திருக்க ஒருவன் புத்தகம் புரட்டுவதுதான் அங்கே விளையாட்டு. 2009இல் அதே வழியில் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டம் வந்தபோது இதைத் துண்டாக்கி, மிருகத்துக்கு ஒன்று, நிலம் நீர் நெருப்பு காற்றுக்கு ஒன்று, டிராகனுக்கு ஒன்று என்று பிரித்து, இன்ன வடிவத்துக்கு இவ்வளவு கூடும் என்று கட்டி வைத்தார்கள். நேர்மையான வேலைதான். ஆனால் டிராகனானவனுக்கு டிராகன் ஆன உணர்வே வராது, கணக்கில் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் மண்டையில் போட்டுக்கொண்டுதான் வில்லூன்றிக் கோவிலுக்குச் சூரன் போர் பார்க்கப் போனேன். சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம், தலையைக் கழற்றி அடுத்த தலையை மாட்டுவார்கள், சனம் கத்தும். இந்த முறை நான் சனத்தைப் பார்த்தேன். ஏன் ஒருவரும் சலித்துப்போவதில்லை? விழுந்த தலை திரும்பி வராது, அதனால்தான். கந்தபுராணத்திலும் அப்படித்தான், சூரன் பறவையாகிறான், இருளாகிறான், கடைசியில் கடல் நடுவே மாமரமாக நிற்கிறான், தோற்றுப்போன வடிவத்துக்கு மறுபடி போகிறதில்லை. வீடு வந்து அன்றிரவே எழுதத் தொடங்கிவிட்டேன்.

ஸ்பெல்லுக்குப் பெயர் மாயையின் மகன். கேரக்டரின் வாழ்நாளுக்கே ஐந்து வடிவம். ஸ்பெல்லைப் படிக்கும்போதே ஐந்தையும் ஷீட்டில் எழுதிவிட வேண்டும், அதுவும் கண்டதை மட்டும் இல்லை, சண்டை பிடித்தோ கூட இருந்தோ பழகியதை. அதனால் நாளைக்கு எந்தப் புத்தகம் வந்தாலும் எனக்குப் பயமில்லை. கொன்சன்ட்ரேஷன், அதாவது மந்திரத்தில் மனத்தைப் பிடித்துவைப்பது, தேவையில்லை, ஒரு மணித்தியாலக் கணக்கும் இல்லை, நினைத்த நேரம் மாறலாம். லெஜண்டரி அக்‌ஷனும் உண்டு, பெரிய மொன்ஸ்டர் மற்றவர்களின் முறை முடிவிலும் செய்கிற அதை 2014 ஐந்தாம் பதிப்பு ஷேப்சேஞ்சில் தடுத்திருந்தார்கள், நான் தாராளமாகக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒரு வடிவத்தின் ஹிட் பொயிண்ட் பூச்சியமானால் அதைப் பேனையால் வெட்டிவிட வேண்டும். திரும்ப வராது, எந்த ஓய்வாலும் எந்த மந்திரத்தாலும். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம்: ஐந்தாவதும் உடைந்தால், இனி நீ என்னவாக இருப்பாய் என்பதை உடைத்தவன் தீர்மானிப்பான். மாமரத்தைப் பிளந்தவர் மயிலாகவும் சேவலாகவும் தன்னோடு வைத்துக்கொண்டார் இல்லையா. இதைச் சொன்னபோது நெட்டையன் ஒரு கதையும் இல்லாமல் இருந்தான். அவன் வாய் மூடியதை நீ எப்போதாவது பார்த்திருக்கிறாயா?

ஒரு சின்னச் சண்டை ஓட்டிப் பார்த்தோம். டிராகனாக வந்தவன் பாதி ஹிட் பொயிண்ட் போனவுடன் பின்வாங்கினான். தங்கச்சி எழும்பி நின்று, “அது உடைய விடக்கூடாது, நான் முன்னால் நிற்கிறேன்” என்று தன் ஃபைட்டரைக் கொண்டுவந்து டிராகனுக்கு முன்னால் வைத்தாள். போன் அந்த இரவு முழுக்கக் கதிரையில் கவிழ்ந்து கிடந்தது. அந்த டிராகன் இப்போது நெட்டையனுடையது மட்டும் இல்லை, எல்லாரும் காக்கிறார்கள்.

நீ திருமூலரைத் தூக்கிக்கொண்டு வருவாய் என்று தெரியும். கூடுவிட்டுக் கூடு பாய்தலை இதற்குள் நான் போடவில்லை, அதற்கு வேறு ஸ்பெல் வேண்டும். திருமூலர்கூட மூலன் இறந்த பிறகுதானே அந்த உடம்புக்குள் போனார்? உயிரோடு இருக்கிறவனின் உடம்பை எடுப்பது மேசையில் வேறு விசயம். கொழும்பில் நம் மச்சாள் விளையாடிய குழுவில் பிறரை வேறொன்றாக்கும் ட்ரூ பொலிமோர்ஃப் ஸ்பெல் போட்டு அவளுடைய கேரக்டரைக் கதிரையாக்கினார்கள், சிரிப்புக்காக. ஒரு மணித்தியாலம் கொன்சன்ட்ரேஷன் பிடித்தால் அது நிலைத்துவிடும், பிடித்தார்கள். இரண்டு வருசம் அவள் வளர்த்த கேரக்டர். பிறகு அவள் எந்த மேசையிலும் உட்காரவில்லை, கேட்டால் நேரமில்லை என்கிறாள். அதனால் பிறருடைய கேரக்டரை மாற்றும் எந்த ஸ்பெல்லும் என் மேசையில் அந்த ஆளைக் கேட்காமல் ஓடாது. இதில் மட்டும் என்னோடு வாதாடாதே.

இனி உன்னிடம் கேட்கவேண்டியது. வடிவம் மாறினால் மனமும் மாற வேண்டுமா? மிருகமாக்கும் நாலாம் லெவல் பொலிமோர்ஃபில் புத்தியும் மிருகத்தினுடையதாகிவிடும், ஷேப்சேஞ்சில் உன் புத்தி உன்னிடமே இருக்கும். ஒரே வடிவத்தில் அதிக நாள் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும் என்று வைக்கலாமா என்று பார்க்கிறேன், பென்சன் எடுத்த மாஸ்டர் வேண்டாம் என்கிறார், மறதியை நடிப்பது எல்லாராலும் ஏலாது என்கிறார். நீ மிருகமாக மாறுகிற ட்ரூயிட்டாக அவ்வளவு காலம் விளையாடினவன், உனக்குத்தான் தெரியும். ஐந்து வடிவம் கூடவா குறைவா என்றும் சொல். ஞாயிறு பின்னேரம் ஆட்டம், அதற்கு முன் உன் பதில் வேண்டும்.

அன்புடன்,
உன் டிஎம்