ஹங்கேரிக்குப் போகும் கையேடுகள்: அளவுச் சொற்கள் பற்றி

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பம்பு, எடை மெஷின், வால்வு போன்றவற்றின் ஆங்கிலக் கையேட்டை ஹங்கேரிய மொழியில் கேட்கும்போது, கோப்போடு படங்களையும் அனுப்பச் சொல்கிறோம். காரணம் இதோ.

பாகங்கள் பட்டியலில் ‘ஸ்கேல்’ என்று ஒற்றைச் சொல் வருகிறது. நிறுக்கும் தராசு என்றால் ஹங்கேரியில் அது ‘மேர்லெக்’. டயலில் உள்ள கோடுகள் என்றால் ‘ஷ்கால’. வரைபடத்தின் 1:50 என்றால் ‘மேரெத்தராஞ்’. ஹீட்டருக்குள் படியும் உப்பு என்றால் ‘வீஸ்கோ’, அதாவது நீர்க்கல். நம் பள்ளிப் பையில் இருக்கும் ஸ்கேலுக்கு வேறு பெயர். படம் இருந்தால் ஒரு நொடியில் தீரும் சந்தேகம் இது. பம்புக்கு மீட்டரில் சொல்லும் ‘ஹெட்’ அங்கே தலை ஆகாது. ‘எமெலோமகஷ்ஷாக்’, ஏற்றும் உயரம்.

கருவி சரியாக அளக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ‘கேலிப்ரேஷ’னில் ஆபத்து அதிகம். அதற்குச் சரியான சொல் ‘கலிப்ராலாஷ்’. அகராதியைப் புரட்டி ‘ஹித்தெலெஷீத்தேஷ்’ என்று போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது சட்டப்படி நடக்கும் முத்திரைச் சோதனை. ஹங்கேரியின் 1991ஆம் ஆண்டு அளவியல் சட்டம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது. ‘மாதம் ஒருமுறை கேலிப்ரேட் செய்யவும்’ என்ற வரியில் சொல் மாறினால், கடைக்காரர் தானே செய்ய முடியாத வேலையை அவர் தலையில் கட்டுகிறோம்.

இஞ்சுக்கு ‘ஹுவெய்க்’ என்று பெயர். பிளம்பர்களோ ‘ட்சோல்’ என்பார்கள். ஜெர்மனிலிருந்து போன சொல். அரை இஞ்ச் பைப் மரையை 12.7 மி.மீ. என்று தயவுசெய்து நீங்களே மாற்றி அனுப்பாதீர்கள். அந்த மரையின் வெளி விட்டம் 20.955 மி.மீ.; அரை இஞ்ச் என்பது வெறும் பெயர். அதை அங்கேயும் ‘ஃபேல்ட்சோலோஷ்’, அரை இஞ்சுக்காரன், என்றுதான் கேட்டு வாங்குவார்கள். 12.7 என்று படித்தவர் தவறான ஃபிட்டிங்கோடு வீடு திரும்புவார்.

அடுத்தது காற்புள்ளி. அங்கே தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். ஆகவே உங்கள் 1,500 கிலோ அவர்கள் கண்ணுக்கு ஒன்றரை கிலோ. ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளி விடுவார்கள். 1,50,000 என்ற நம் லட்சக் கணக்கு அவர்களைக் குழப்பவே செய்யும். ‘சுமார் 5 அடி’ என்பதை 1,524 மீட்டர் என்று துல்லியமாக்குவதும் வேண்டாம், 1,5 போதும்.

எண்ணுக்குப் பின் வரும் அலகு ‘பத்து கிலோ’ என்பதுபோல ஒருமையிலேயே நிற்கும், நமக்குப் பழகியதுதான். ஆனால் ‘5 கிலோ மூட்டை’ என்று அடைமொழியானால் அலகோடு விகுதி ஒட்டும். எந்த விகுதி என்பதை அலகின் உயிரொலி முடிவு செய்கிறது: கிலோகிராமுக்கு ‘ஒஷ்’, சென்டிமீட்டருக்கு ‘எஷ்’. லேபிள் மென்பொருளில் அலகுக்கு ஒரு காலிக் கட்டம் வைத்து, விகுதியை வெளியே நிரந்தரமாக அச்சடித்தால் பாதி லேபிள்கள் பிழையாகும். அந்த இடங்களில் ‘நிறை: 5 கி.கி.’ என்ற அமைப்புக்கு மாற்றிவிடுவோம். நிறைக்கு ‘தொமெக்’, எடைக்கு ‘ஷூய்’ என்று அங்கும் இரண்டு சொல் இருப்பது வசதி.

அடுத்த கோப்பு அனுப்பும்போது பாகங்களின் படம், மரையின் வகை, லேபிளில் எந்தெந்த அலகுகள் மாறி மாறி வரும் என்ற பட்டியல் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். எண்களை மூல அலகிலேயே விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பிரிவு