தையல் தொழிலாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜையும் மே தினக் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. செயற்குழு 5 முறை கூடியது. இருமுறை போதிய ஆள் வராமல் கலைந்தது.

இந்த ஆண்டு நான் முழுமூச்சாக இறங்கிய வேலை, நம் குடும்பங்களை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ப்பது. பதிவு செய்ய ஆட்சியர் அலுவலகத்துக்குக் குடும்பங்களை அழைத்துப் போகச் சங்கப் பணத்தில் வேன் பிடித்தது வீண் செலவு என்று சிலர் பேசினார்கள். அவர்களுக்கு என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பிரீமியத்தை அரசே கட்டுகிறது. வீடு வீடாகப் போய் இதைச் சொன்னேன். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தீபாவளித் துணி முடியட்டும், பள்ளிச் சீருடை முடியட்டும் என்றார்கள். நோய் வருமுன்பே அதற்குக் காப்பீட்டு அட்டை எடுப்பது அபசகுனம் என்றார் ஒரு அக்கா. காய்ச்சலுக்கு அட்டையைக் காட்டி, செல்லாது என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் அட்டை என்பதை நான் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

வருமானச் சான்றுக்கு ஒரு நாள், ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நாள். உருப்படிக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு இரண்டு நாள் அடுப்பெரியாது. அதனால்தான் வேன். பெயர் கொடுத்தவை 24 குடும்பங்கள். காலை 7 மணிக்கு வந்து நின்றவை 9. முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டோம்.

அன்று வராத ஒருவரின் மனைவிக்கு மார்கழியில் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைக்க வேண்டியதாயிற்று. பார்க்கப் போனேன். துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அடகு வைத்துவிட்டார். அன்று காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டாமல் வண்டியைக் கிளப்பிவிட்டேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

வரவு செலவு திருப்திகரமாகவே உள்ளது. விவரத்தைப் பொருளாளரிடம் பார்க்கலாம். சந்தா நிலுவை பாதிப் பேருக்கு மேல் இருக்கிறது. பாதி வாடகைக்கு வந்த வேன் ஓட்டுநருக்கும், மண்டபம் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் யார் என்பதை இந்தக் கூட்டம் முடிவு செய்யும். யார் வந்தாலும் வேன் மறுபடி போக வேண்டும். அதற்கு நிலுவைச் சந்தா வர வேண்டும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றின் நகலை மாதக் கடைசிக்குள் என் கடையில் கொடுத்துவிடுங்கள். இரவு 9 மணி வரை திறந்திருக்கும்.